அசுரனுக்கு நாலு வினாடி

சாமியே அசுரன் காலில் விழுகிறாராம். அந்தப் புதுப் படத்தை எடுக்கிற கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர் தன் மச்சானிடம் சொன்னது இது. மச்சான் மருந்துக்கடைக்காரர். ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த ஓர் அக்காவிடம், மாத்திரையோடு இதையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், வெளியூரில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

“அந்தப் படத்துல அசுரனுக்குக் குரல் நீதானா?”

“ஆமாக்கா.”

“சரி. வெச்சுடு.”

அன்றிலிருந்து பதினோரு நாளாக அவள் தம்பியின் போனை எடுப்பதில்லை.

தம்பிக்கு ஐம்பத்து நாலு வயது, ஐந்தடி இரண்டு அங்குலம். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஆனால் டப்பிங் அறையின் கனத்த கதவு சாத்தப்பட்டு, மைக்குக்கு மேலே சின்ன சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் மூன்று உலகமும் நடுங்கும். முப்பது வருடமாகப் புராணப் படங்களிலும் தொடர்களிலும் வருகிற கெட்டவர்களில் பாதிப் பேருக்குத் தொண்டை அவருடையது. வேலையிடத்தில் அவருக்கு ‘அசுரர்’ என்றுதான் பெயர். அம்பு, கதாயுதம், சக்கரம், இடி, ஒருமுறை ஒரு யானை என்று இதுவரை நாற்பத்தொரு தடவை செத்திருக்கிறார்.

ஒவ்வொரு சாவுக்கும் அக்காவிடமிருந்து போன் வரும். “இன்னிக்கு நல்லா செத்தேடா” என்பாள். சில நாள் அவளுக்குத் திருப்தி இருக்காது. “சிரிப்பு பத்தலை. நீ இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தா சாமி அடிக்கிறப்ப பாக்கறதுக்கு நல்லா இருந்திருக்கும்.” அவள் பார்வையில் தம்பி செய்வது வயிற்றுப்பிழைப்பு மட்டுமல்ல. எதிர்ப்பக்கம் நின்று செய்கிற பூஜை. அசுரன் எவ்வளவு கத்துகிறானோ, சாமிக்கு அவ்வளவு பெருமை.

அவரை அசுரன் ஆக்கியதே அவள்தான். அம்மா போனபோது அவருக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினெட்டு. வகுப்பில் ‘உள்ளேன்’ சொல்லக்கூடப் பயந்து, பெஞ்சு மாறி ஒளிந்துகொள்கிற பையனை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளி நாடகத்தில் அசுரன் வேஷத்துக்குப் பெயர் கொடுத்தாள். கத்தினால் பயம் போய்விடும் என்பது அவள் வைத்தியம். மேடையில் போனது, கீழே இறங்கியதும் திரும்பி வந்துவிட்டது. அது வேறு விஷயம்.

இந்தப் படத்தின் கதை அவள் தினமும் காலையில் படிக்கிற புத்தகத்தில் இருப்பதுதான். அசுரன் ஒருவன் மழையை மலைக்குள் போட்டு அடைத்துவிடுகிறான். உலகம் காய்ந்து போகிறது. சாமி மலையைப் பிளந்து, அவனைக் கொன்று, மழையை விடுவிக்கிறார். முடிவில் ஒரு வரி வரும்: ‘அவன் தமக்கையும் அழுதாள்.’ அவ்வளவுதான். அந்தத் தமக்கை யார், எங்கே இருந்தாள், ஒன்றும் கிடையாது. அசுரருக்கு மகள் வயதிருக்கும் இயக்குநர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டேகால் மணி நேரப் படம் எடுத்துவிட்டாள். அவள் கதையில், தமக்கையின் பிள்ளைகள் இரண்டும் வெள்ளத்தில் போய்விடுகின்றன. மழைச் சத்தம் கேட்டாலே அவள் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் தம்பி மழையையே பிடித்து அடைக்கிறான்.

முதல் நாள் வசனத் தாள்களைப் புரட்டிப் பார்த்த அசுரருக்குத் திக்கென்றது. சிரிப்பே இல்லை. வழக்கமாகக் கத்தலையும் சிரிப்பையும் கடைசியில்தான் பதிவு செய்வார்கள். முதலில் எடுத்தால் தொண்டை போய்விடும். அந்தக் கடைசித் தாளைக் காணோமே என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இவன் சிரிக்க மாட்டான் சார், இவனுக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லிவிட்டாள் இயக்குநர். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அசுரன் சிரிக்காவிட்டால் சாமி யாரை அடக்குவார்? அக்கா கேட்கப் போகிற கேள்வி அக்கா கேட்பதற்கு முன்பே அவருக்குள் கேட்டுவிட்டது. ஆனாலும் நாலு நாள் பேசிப் பார்த்ததில் அந்த அசுரனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. மெல்லப் பேசுகிற ஆள். பாதி வார்த்தையை முழுங்குகிற ஆள். தன்னைப் போலவே.

சாமி காலில் விழுகிறார் என்பது பொய். அம்பு பாய்ந்து கிடக்கிறவன் பக்கத்தில் சாமி குனிகிறார், அம்பைப் பிடுங்கி எடுக்கிறார். அவ்வளவே. இதைச் சொல்லிவிடத்தான் பதினோரு நாளாக அவர் போன் செய்துகொண்டிருந்தார்.

இன்றைக்கு மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி. காலையிலேயே இரண்டு வறட்டு பன்னைத் தின்றுவிட்டு வந்திருந்தார். வெறும் வயிறு கூவினால் மைக்கில் விழும். சரசரக்காத பருத்திச் சட்டை, கழற்றி வைத்த செருப்பு. திரையில் அசுரன் தமக்கையின் மடியில் தலையைத் திருப்பிக்கொள்கிறான். முகம் தெரியவில்லை. முதுகு மட்டும் நாலு வினாடி. முதுகு தெரிகிற காட்சி என்றால் டப்பிங்காரர்களுக்குக் கொண்டாட்டம். உதடு பார்க்க வேண்டாம். எந்த வார்த்தையையும் வைக்கலாம்.

எழுதியிருந்தது, ‘அக்கா, என்னை மன்னித்துவிடு.’ சொன்னார். சொல்லி முடித்த கையோடு, முப்பது வருடப் பழக்கம், அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டு அறையையே உலுக்கிவிட்டது. செத்துக்கொண்டிருக்கிற அசுரன் அக்கா மடியில் கிடந்து அட்டகாசமாகச் சிரித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவர் மேஜையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. “சார், மன்னிப்புக் கேக்கறீங்களா, மிரட்டறீங்களா?”

பிறகு ஏழு தடவை எடுத்தார்கள். சிரிப்பு வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை. ஏழாவதைக் கேட்டுவிட்டு இயக்குநர் உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

“வசனம் சரியில்லை சார். நான் எழுதினதுதான், எனக்கே ஒட்டலை. முதுகுதானே, நீங்களே ஏதாவது சொல்லிடுங்களேன்.”

“நான் என்னம்மா சொல்ல?”

“உங்களுக்கு அக்கா யாராவது இருக்காங்களா?”

அவர் தலையை ஆட்டினார்.

“அவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?”

யோசித்துப் பார்த்தார். நாற்பத்தைந்து வருடத்தில் அக்காவிடம் அவர் ‘ம்’ என்றும் ‘சரிக்கா’ என்றும் சொன்னதுதான் அதிகம். பேச்செல்லாம் அவளுடையது. மத்தியானம் வரை நேரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார்.

சுவரோரம் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்காராமல் நின்றார். இத்தனை நாளும் நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்காகக் கூப்பிட்டார். இன்றைக்கு அது இல்லை. அந்தப் புத்தகத்தை அவளைவிட அதிகம் படித்தவர்கள் அவருக்குத் தெரிந்து யாருமில்லை. ‘தமக்கையும் அழுதாள்’ என்கிற வரியை அவள் எத்தனை ஆயிரம் காலை கடந்து போயிருப்பாள்! அழுகிறவளிடம் அந்தத் தம்பி கடைசியாக என்ன சொல்லியிருப்பான், அவள் எதைக் கேட்க விரும்பியிருப்பாள்? கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

அக்காவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நின்றிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி போட்டார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த ஒலிப்பதிவாளரிடம், இதோ வருகிறேன் என்று கையைக் காட்டினார். காதோடு அழுத்திப் பிடித்தார். அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தது.