திருப்பதி போய்வரும் நேரம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் பனி படியப் படிய, அத்தை முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரத் துணி கண்ணாடியில் தேயும் அந்தக் கீச்சுச் சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பல் கூசும். நைனா வந்து சேரும்போது அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எங்கள் வீட்டின் ஒரே கவலை.

நைனா என்று நான் கூப்பிடும் அப்பா குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவர். அம்மாவும் அத்தையும் நானும் சித்தூரில், மிஷன் காலத்துச் சபையை ஒட்டிய தெருவில் இருந்தோம். லீவு முடிந்து அவர் கிளம்பும்போதெல்லாம் நான் அழுவேன்; அவர் என் மூக்கைத் துடைத்துவிட்டு எப்போதும் ஒரே கணக்கைச் சொல்வார். "குவைத்து இன்னா பெரிய தூரம்? பிளேன்ல அஞ்சி மணி நேரம். பஸ்ல திருப்பதி போயிட்டு வர்ற நேரம்தான்." காலையில் திருப்பதிக்குப் போனவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவதை நான் பார்த்திருந்ததால் அதை அப்படியே நம்பினேன். நான் மட்டுமா, சபையே நம்பியது.

காய்ச்சலில் கிடந்த அம்மா ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். "தோ கெளம்பிட்டேன், நான் வர்ற வரிக்கும் மூடாதீங்க" என்று நைனா போனில் அழுதார். சபைப் பெரியவர்கள் கூடி, சென்னையிலிருந்து கார் வரும் நேரத்தையும் சேர்த்து, சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார் என்று முடிவுகட்டி, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டார்கள். பிளேன் பறக்கும் நேரத்தை எண்ணினார்களே தவிர, பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருப்பதையும், முதலாளி வெளியூர் போயிருக்கலாம் என்பதையும் ஒருவரும் எண்ணவில்லை. மத்தியானத்துக்கு மேல் நைனாவே போன் செய்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் குழி தயார். வெட்டிய குழியை எங்கள் சபையில் இரவு முழுக்க வெறுமையாக விடமாட்டார்கள். "வெறுங்குழி ராத்திரி தங்குனா இன்னொரு ஆளக் கேக்கும்" என்றார்கள், ஞாயிறுதோறும் உயிர்த்தெழுதலை வாய்விட்டு அறிக்கையிடுகிற அதே ஜனங்கள். "நாளைக்கி வரிக்கும் பொறுத்துக்கோங்க பாஸ்டரய்யா, எங்கண்ணன் மூஞ்சியாச்சும் பாத்துக்கட்டும்" என்று அத்தை கெஞ்சினார். பாஸ்டர் இளகினாலும், வீட்டில் பிள்ளைகுட்டிகளை வைத்திருந்த பெரியவர்கள் அசையவில்லை. இருட்டுமுன் சவப்பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள். அவர்கள் மேல் அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

நைனா மூன்றாம் நாள் வந்தார். பையைக்கூட இறக்கிவைக்காமல் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், ஈரம் காயாத மண்மேட்டருகே உட்கார்ந்து என்னிடம் கேட்டார்:

"மூஞ்சி எப்டி இருந்திச்சிம்மா?"

"நல்லாத்தான் இருந்திச்சி நைனா. அத்தை தொடச்சிக்கினே இருந்தாங்க."

அதற்குப் பிறகு அவர் குவைத்துக்குத் திரும்பவில்லை.

இன்று அந்தத் தோட்டத்தில் சிமெண்ட் சுவர் எழுப்பி, மேலே கல் பலகை போட்டு, கல்லறைகளை முன்கூட்டியே கட்டிவைக்கிறார்கள்; எத்தனை இரவு வேண்டுமானாலும் அவை வெறுமையாகக் கிடக்கின்றன. வெறுங்குழிப் பயம் அந்தப் பெரியவர்களோடு போய்விட்டது. நான் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறேன். போனில் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் வந்து நிற்கின்றன. நைனாவின் பழைய கணக்கைவிடக் குறைவுதான். ஆனால் அவர் அந்தக் கணக்கை மறுபடி வாயில் எடுத்ததே இல்லை. ஒவ்வொரு முறை நான் கிளம்பும்போதும் வாசல் வெளிச்சத்துக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் எதிரே நிற்கிறார்.

"என் மூஞ்சிய நல்லா பாத்துக்கோம்மா" என்கிறார். "அப்புறம் நீ வர்றதுக்குள்ள மூடிட்டாலும் பரவால்ல."