எண்டியூரோ சைக்கிளுக்கு எண்ணெய்க்காப்பு

இருபத்தேழு வருடமாகச் சைக்கிள் கேரியரில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை மிதிக்கிறவன் நான். சைக்கிளைப் பற்றி எனக்கு எந்தக் கொம்பனும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் உண்டு. அந்தத் திமிர் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மகளுக்கு இருபத்து நாலு வயது. செம்பூரில் மலைச் சைக்கிள் விற்கிற கடையில் வேலை. வேலை என்றால் பெட்டி பிரிப்பது, சேற்றோடு வருகிற சைக்கிளைக் கழுவுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வருகிற கூட்டத்தோடு போய்ச் சரிவுகளில் ஓட்டிப் பழகி, அவர்களையே மண் தின்ன வைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அதைக் கேள்விப்பட்ட முதலாளி, ஒரு வெள்ளிக்கிழமை புத்தம்புதுச் சைக்கிள் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டார். மூன்று நாள் வைத்திருந்து, ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டதை உள்ளது உள்ளபடி எழுதித் தர வேண்டும். எழுதியது சரியாக இருந்தால் இனிமேல் கடைக்கு வருகிற எல்லா வண்டியையும் அவள்தான் ஓட்டிச் சோதிப்பாள். கழுவுகிற வேலை போய் ஓட்டுகிற வேலை. அன்று அவள் முகத்தில் இருந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி எங்கள் வீடு. அந்தச் சைக்கிள் உள்ளே வந்ததும் கிரைண்டர் வெளியே போனது. என் மனைவி வாசலில் நின்று, "மாப்பிள்ளை வந்தாக்கூட இம்புட்டு இடம் விட மாட்டேன்" என்றாள்.

நான் சுற்றி வந்து பார்த்தேன்.

"இதுக்கு ஸ்டாண்டு எங்கட்டி?"

"கிடையாதுப்பா."

"கேரியரு?"

"இல்ல."

"மட்கார்டு? பெல்லு?"

"எதுவும் இல்ல. இது எண்டியூரோப்பா. மலைய ஏறிப் போயி, கல்லு பாறை மேல கீழ இறங்குத சைக்கிளு."

"பெல்லுகூட வைக்க வக்கில்லாதவன் செஞ்ச வண்டிக்கு மூணு நாள் பரீட்சையாக்கும்!"

முன் சக்கரத்துக்கு மேலே தூண் மாதிரி இரண்டு குழாய், நடுவில் காற்றடைத்த இன்னொரு குழாய். இரண்டு சக்கரமும் முக்கால் சாண் அளவுக்கு அமுங்கிக் கொடுக்குமாம். ஹெல்மெட், முட்டிக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து, தன் எடைக்கு அது எவ்வளவு அமுங்குகிறது என்று ஸ்கேல் வைத்து என்னை அளக்கச் சொன்னாள். அளந்தேன். அவள் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள். தமிழ் அவளுக்குப் பேச மட்டும்தான் வரும்.

அவள் இறங்கிய பிறகு நானும் ஏறி உட்கார்ந்தேன். ஹேண்டிலில் ஒரு சின்ன லீவர் இருந்தது. அமுக்கினேன். சீட்டு என்னையும் சேர்த்துத் தரைக்கு இறங்கிவிட்டது. இறக்கத்தில் சீட்டு தாழ்ந்து கொடுக்க வேண்டும், அதற்கான லீவராம். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல சீட்டுங்க. இருபத்தேழு வருசமா உங்கள யாரும் இப்படி இறக்கல" என்றாள்.

சனிக்கிழமை மகள் வேலைக்குப் போய்விட்டாள். நான் இட்லி விற்றுவிட்டுப் பத்து மணிக்கு வந்தேன். மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் சைக்கிளும் மட்டும். வீட்டுக்குள் புது வண்டி நிற்கிறது, ஒரு பொட்டு இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. அதுவும் மறுநாள் மலை இறங்கப் போகிற வண்டி. பெற்றவனுக்கு மனசு கேட்குமா?

எங்கள் தெருப் பிள்ளையாருக்கே சந்தனக்காப்புக்கு முன்னால் எண்ணெய்க்காப்புதான். தவிர, மாஹிம் உப்பங்கழிக் காற்று இரும்பைத் தின்றுவிடும். என் சைக்கிளுக்கு மாதம் ஒரு முறை தேங்காயெண்ணெய் தடவுவேன், இருபத்தேழு வருடத்தில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. ஆகவே துணியை எண்ணெயில் முக்கி அதன் உடம்பு முழுக்கத் துடைத்தேன். சக்கரத்தின் நடுவே தட்டு மாதிரி ஒரு வட்டத் தகடு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எண்ணெய் காணாமல் வறண்டு கிடந்தன. பாவமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஊற ஊறத் தடவி, பளபளவென்று தேய்த்துவிட்டேன். பிறகு ஹேண்டிலுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். சூடம் காட்டினேன்.

சாயங்காலம் மகள் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அரே, என்னப்பா இது! கடை வண்டிப்பா!" பூவை எடுத்தாள், சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். உடம்பின் பளபளப்பைப் புது வண்டியின் மினுக்கு என்று நினைத்திருப்பாள். "வேற எதுவும் பண்ணலைல்ல?" என்றாள். "சாமிக்குச் செய்யுததச் செஞ்சேன், அம்புட்டுதான்" என்றேன். எண்ணெயைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சோறு தின்றதை யாராவது தனியாகச் சொல்வார்களா?

ஞாயிறு விடிந்ததும் பக்கத்து வீட்டு டெம்போவில் சைக்கிளை ஏற்றி, நெருள் தாண்டி ஒரு குன்றுக்குப் போனோம். வீடியோ எடுக்க நானும் கூடப் போனேன். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே இரண்டு பிரேக்கையும் அமுக்கிப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தன. அவள் மேலே மிதித்து ஏற, நான் உச்சியிலிருந்து நேராக வருகிற இறக்கத்தின் முதல் வளைவில் செல்போனோடு நின்றேன். ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? முக்கால் மணி நேரம் கழித்து உச்சியிலிருந்து கையசைத்தாள்.

இறங்கினாள். பாறை, வேர், பள்ளம் எதையும் அந்தச் சைக்கிள் சட்டை செய்யவில்லை. சக்கரம் மேலும் கீழும் குதிக்கிறது, மகள் மட்டும் ஆடாமல் வருகிறாள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வளைவு நெருங்கியதும் பிரேக் பிடித்தாள். வந்தது சத்தம் மட்டும்தான். வீல் என்று பிரேக் அலறியது. சைக்கிள் நிற்கவே இல்லை. என்னைத் தாண்டிப் போய்க் களாச்செடிப் புதருக்குள் விழுந்தாள்.

முழங்கையும் தாடையும் சிராய்த்து ரத்தம். ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு முதலில் சைக்கிளைத்தான் நிமிர்த்தினாள். அந்த வட்டத் தகட்டைத் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பிரேக்கு பிடிக்கிறதே இந்தத் தகட்டுலதாம்பா. இதுல எண்ணெய் பட்டா முடிஞ்சுது. யாரு போட்டா?"

தகட்டில்தான் பிரேக் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். 

"சச் சொல்லுங்கப்பா, உண்மையச் சொல்லுங்க. நீங்களா?"

"நான் ஏன்ட்டி போடுதேன்? கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிருப்பான்" என்றேன். பெற்ற பிள்ளை ரத்தம் வழிய நிற்கிறாள், எனக்கு என் மானம் பெரிதாகப் போய்விட்டது. தூ.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டெம்போவுக்கு நடந்தாள். திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்தாள். என் மனைவிக்கு வாசனையிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. "வீட்டுல அரை பாட்டில் எண்ணெயக் காணோம். அந்தப் பிள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு இட்லி அவிக்கீங்களோ?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாட்டுங்காவில் பாதி இட்லி விற்றதும் சைக்கிளை நேரே செம்பூருக்கு விட்டேன். மகள் பின்கட்டில் வேலையாக இருந்தாள். முதலாளி பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர், சாந்தமான மனிதர்.

"ஏன் நின்னுண்டிருக்கேள்? உக்காருங்கோ" என்றார்.

உட்காரவில்லை. ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "சார், பிரேக்குல எண்ணெய் போட்டது நாந்தான். எம்பிள்ளை மேல ஒரு தப்பும் கிடையாது. அவளுக்குக் கொடுக்கேன்னு சொன்ன வேலையக் கொடுத்துருங்க."

அவர் மேசையிலிருந்த அவளுடைய அறிக்கைத் தாளை எடுத்து, எனக்குப் புரிய வேண்டுமென்று தமிழில் சொன்னார். ஏற்றத்தில் வண்டி சோம்பேறி, இறக்கத்தில் ராஜா என்று எழுதியிருக்கிறாளாம். பிறகு கடைசியில்: "பிரேக்ல எண்ணெய் பட்டது என் கவனக்குறைவு. வண்டியை என்னைத் தவிர யாரும் தொடலை."

தாளைக் கீழே வைத்தார்.

"தன் தப்பைத் தானே எழுதறாளேன்னு, இவளையே ஓட்டற வேலைக்குப் போட்டுடலாம்னு இருந்தேன். இப்போ நீங்க வந்து, இது பொய்ங்கறேள். இவ எழுதறதை நம்பித்தான் ஒருத்தன் வண்டியை வாங்கி மலையிலேர்ந்து எறங்குவான். உள்ளது உள்ளபடின்னு முதல்லயே சொன்னேனே. பழைய வேலையில இருக்கட்டும். அதுக்கு ஒண்ணும் பழுதில்லே."

எனக்காகத்தான் அப்படி எழுதினாள் என்று கெஞ்சினேன். "தெரியறது. அதனாலதான் வேலையை விட்டுப் போகச் சொல்லலை" என்றார்.

சாயங்காலம் அவள் வந்ததும் நானே சொன்னேன். கத்துவாள், தட்டை எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தாடைக் காயத்தில் மருந்து தடவிக்கொண்டே கேட்டாள்.

"மலையில கேட்டேனேப்பா. அப்பவே நாந்தாம்னு சொல்லிருந்தா, அதையே எழுதியிருப்பேன். எங்கப்பா சைக்கிளுக்கு எண்ணெய்க்காப்பு போட்டாருன்னு எழுத எனக்கு என்ன வெக்கம்? நீங்க இல்லன்னு சொன்னப்புறம்தான் அப்படி எழுதினேன்."

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவள் கழுவுகிற வேலைக்குக் கிளம்பிப் போனாள்.