தேவகுமாரியும் பெங்களூர் சாலட்டும்

மாரமங்கலத்துத் தேவகுமாரி ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பன்னிரண்டு வருஷம் சமையல் செய்தாள். பச்சைக் காய்கறியை அப்படியே தின்பவர்களை அவள் மதித்ததில்லை. "அடுப்பு இருக்கற ஊட்டுல பொறந்தவங்க செய்யற காரியமாங்க இது?" என்பாள். அவர்களைவிடக் கீழாக அவள் நினைத்தது ஒருவரைத்தான்: மேனேஜர் ராஜமாணிக்கம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் சேலத்திலிருந்து வந்தவர் அவர். பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் நான்கு நாள் தங்கியதில், சாப்பாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பு. கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. இனி மதியச் சாப்பாட்டோடு சாலட் உண்டு என்று அறிவித்தார். வெள்ளரி, கேரட், முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் காலையிலேயே அரிந்து, உப்புப் போட்டு, வினிகர் ஊற்றி மூடிவைக்க வேண்டுமாம்.

"மத்தியானத்துக்குள்ள தண்ணி உட்டுருமுங்க," என்றாள் தேவகுமாரி.

"நான் பெங்களூர்ல பார்த்திருக்கேன். நீ பார்த்திருக்கியா?"

"இல்லீங்க."

சொன்னபடியே செய்தாள். மதியம் காயெல்லாம் துவண்டு தண்ணீரில் மிதந்தது. வந்தவர்கள் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்கள். "உன் கை சரியில்லை," என்றார் மேனேஜர். கொல்லைக்குப் போக வேறு வழி இருந்தும், மிஞ்சிய தட்டுகளைத் தினமும் அவர் மேஜைக்கு முன்னால்தான் எடுத்துப்போனாள்.

டிசம்பரில் ஈரோட்டு டாக்டரம்மா ஒருவர் குடும்பத்தோடு வந்து தங்கினார். அன்று வினிகர் தீர்ந்திருந்தது. மேனேஜர் அதை வாங்க முதல் பஸ்ஸிலேயே சேலத்துக்கு இறங்கிவிட்டார்.

தேவகுமாரி காயை அரிந்து குளிர்ந்த தண்ணீரில் போட்டாள். கொல்லை மரத்திலிருந்து புளிப்பு ஆரஞ்சு பறித்து, எலுமிச்சையோடு பிழிந்து, விதை நீக்கி, மிளகைக் கொரகொரப்பாகத் தட்டிப் போட்டாள். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் காயை வடித்து, துணியில் ஒற்றி, உப்பும் சாறும் கலந்தாள். விரலில் சாற்றைத் தொட்டு ருசி பார்த்தாள். காயை வாயில் வைக்கவில்லை.

எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வினிகர் பையோடு உள்ளே வந்தார்.

"சாலட் யார் செஞ்சது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் சொல்லிக் குடுத்ததுங்க மேடம். பெங்களூர் முறை. வினிகர் ஊத்தியிருக்கு."

"ஆரஞ்சு வாசனை வருதே?"

"நல்ல வினிகர் அப்படித்தாங்க வரும்."

டாக்டரம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். தேவகுமாரி செய்முறையில் ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டார். மேனேஜர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

விருந்தாளிகள் போனதும், "எங்கிட்ட ஏன் இதைச் சொல்லலை?" என்றார்.

"நீங்க பெங்களூர் பார்த்தவருங்க. நா ஏற்காடு தாண்டாதவ. உங்களுக்கு என்னத்தங்க சொல்றது?"

மறுநாள் அவள் செய்த விதத்திலேயே செய்யச் சொன்னார். பலகையில் மட்டும் 'பெங்களூர் ஸ்பெஷல் சாலட்' என்று எழுதினார். அவள் அதைப் படித்துவிட்டு, வெற்றிலைச் சாற்றைக் கொல்லையில் துப்பிவிட்டு வந்தாள்.

இரண்டு வருஷத்தில் அவர் வேறு லாட்ஜுக்குப் போய்விட்டார். அடுத்து வந்த மேனேஜர் முதல் நாளே சமையலறைக்கு வந்து, "என்னம்மா வாங்கணும்?" என்று கேட்டார். தேவகுமாரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்ல கத்தி ஒண்ணுங்க," என்றாள்.