அருளம்பலம் விடுதலை செய்த கைதி

அருளம்பலத்துக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவள் நான். அதனால் அவனை ஏசுகிற உரிமையும் முதலில் எனக்குத்தான். வேறு யாராவது அவனை விசரன் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் எமிலியானா. பேசாலையிலிருந்து வந்து இருபது வருசமாக இத்தாலியில், பலெர்மோவில் வீடு துடைக்கிறேன். பொலிதேயாமாப் பகுதியில் நான் வேலை செய்கிற வீட்டுக்காரியைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன்; அவளுக்கு ஒரு தகப்பன் இருந்தார். பெயர் நூன்ஸியோ, வயது தொண்ணூற்று மூன்று. கால்சாவில் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடொன்றின் முதலாம் மாடியில் இருந்தார். அவரைப் பராமரிக்க வேலைக்கு வந்தவர்கள் ஒருவரும் ஒரு மாதம் தாண்டவில்லை. கோப்பையை எறிவார், கதவை உதைப்பார். 2013 தை மாதம், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் ஆறு பேரோடு நெருக்கிக்கொண்டு கிடந்த அருளம்பலத்தைக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே விட்டேன்.

அவன் முள்ளியவளைக்காரன். பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனவன், சண்டை முடிகிறபோது முப்பத்துநாலு. பிறகு இரண்டு வருசம் புனர்வாழ்வு முகாம். மகள் பிரேமினி கடைசிச் சண்டைக்குள் பதுங்குகுழியில் பிறந்தவள். மனைவி வேணுகா முகாம் கம்பிக்கு வெளியே நின்று பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவாளாம். விட்ட பிறகாவது நிம்மதியாக இருக்க விட்டார்களா? விசாரணை, மறுபடி விசாரணை. பதினோராம் நாள் வீட்டை விட்டு வெளிக்கிட்டவன்தான், எப்படியோ இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான்.

வந்தவன் அகதி என்று பதிந்திருக்க வேண்டும். எல்லோரும் அதைத்தான் சொன்னோம். கேட்டால்தானே! அகதிக் காட் எடுத்தால் ஊர்ப் பக்கம் தலை வைக்க முடியாது, தனக்கு வேலைக் காட்தான் வேண்டும், அது கையில் வந்ததும் ஒரு மாதம் போய்ப் பிள்ளையோடு இருந்துவிட்டு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். போனால் பிடிப்பார்கள் என்றேன்.

"பிடிச்சால் பிடிக்கட்டும் அக்கா. பிள்ளையோடை நான் மொத்தமாய் இருந்தது பதினொரு நாள்," என்றான்.

பெர்மெசோ என்கிற அந்த வேலைக் காட்டுக்கு அவனுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு கையெழுத்து. ஒக்டோபர் பதினாலாம் திகதி சின்யோரா அவனோடு அரசாங்கக் கந்தோருக்குப் போய், இவன் எங்கள் வீட்டில் வேலை செய்கிறான் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதுவரை அந்தக் கிழவரோடு காலத்தை ஓட்டினால் போதும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கே நூன்ஸியோ எழும்பிக் கட்டிலடியில் விறைப்பாக நின்றார். கைகள் இரண்டும் தொடையோடு, நாடி மேலே. கூப்பிட்டால் அசையவில்லை, சாப்பிடவும் வரவில்லை. முன்பிருந்தவர்கள் இந்த இடத்தில்தான் இழுத்துப் பறித்து அடிபட்டிருக்கிறார்கள். அருளம்பலத்துக்கோ பார்த்தவுடனே விளங்கிவிட்டது. இரண்டு வருசம் அவனும் முகாமில் ஆள் எண்ணும்போது ஒவ்வொரு காலையும் இப்படித்தானே நின்றான். நேரே முன்னால் போய், விரலை நீட்டி, "ஒண்டு" என்று எண்ணினான். கிழவர் மூச்சு விட்டார். போய் மேசையில் இருந்து பால்கோப்பி குடித்தார்.

பிறகுதான் சின்யோரா கதையைச் சொன்னாள். தகப்பன் இரண்டாம் உலக யுத்தத்தில் லிபியாவில் இங்கிலீசுக்காரனிடம் பிடிபட்ட சிப்பாய். கப்பலில் ஏற்றிப் பெங்களூரில் ஒரு முகாமில் அடைத்தார்களாம். யுத்தம் முடிந்தும் ஒரு வருசத்துக்கு மேல் வீட்டுக்கு அனுப்பவில்லையாம். நாலு வருசத்துக்கு முன் மறதி வந்ததிலிருந்து மனுசன் திரும்ப அந்த முகாமுக்குள் போய்விட்டார். பெற்ற மகளையே தெரியாது. அங்கே காவலுக்கு நின்றவர்கள் எங்கள் நிறத்து ஆட்கள். அருளம்பலத்தைக் கண்டதும் கிழவருக்குச் சந்தேகமே இல்லை, இவன்தான் சென்றி, காவல்காரன்.

நாங்கள் சிரித்தோம், பொய் சொல்லக்கூடாது. ஞாயிறு பூசை முடிந்து கண்டால், "என்ன சென்றி, கைதி ஓடேல்லையோ?" என்று பகிடி விடுவேன். அவனும் சிரிப்பான்.

ஆனால் கிழவர் பின்னேரந்தோறும் அவனிடம் ஒரு கேள்வி கேட்பார். யுத்தம் முடிந்துவிட்டதே, கப்பல் எப்போது? அருளம்பலம் "தொமானி" என்பான், நாளைக்கு. கிழவர் தலையாட்டிவிட்டுத் தன் சப்பாத்துகளைக் கதவைப் பார்க்க வைத்துவிட்டுப் படுப்பார். ஆவணி மாதம் வர இவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தாள் கேக்கேக்கை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்லுறன் அக்கா. எங்களுக்கும் உப்பிடித்தான் ரெண்டு வருசம் நாளைக்கு, நாளைக்கு எண்டு சொன்னவங்கள்," என்றான்.

"பதினாலாந் திகதி வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு நாளைக்கு எண்டு சொல்லு," என்றேன். சொன்னது நான்தான்.

அவன் ஒக்டோபர் எட்டு வரைக்கும் சொன்னான். அன்று காலை எண்ணி முடிந்த பிறகும் கிழவர் மேசைக்குப் போகவில்லை. அந்த வயதில் முழங்காலில் இருந்து, அருளம்பலத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, அம்மா செத்துப்போவா, அதற்குமுன் என்னை விடு என்று அழுதாராம். இவன் அவரைத் தூக்கி இருத்திவிட்டு ஒரு தாள் எடுத்தான். நூன்ஸியோவின் பெயரைப் பெரிதாக எழுதி, விடுதலை என்று போட்டு, கீழே கையெழுத்து வைத்தான். கடுதாசி இல்லாமல் எந்தக் கைதியும் நம்பமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். கோட்டு, சப்பாத்து எல்லாம் போட்டுவிட்டு, சின்னப் பையில் இரண்டு உடுப்பு வைத்து, கையைப் பிடித்துப் படியால் இறக்கிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். ஒரு மணித்தியாலம் வாங்கொன்றில் உட்கார்ந்து கப்பல் பார்த்தார்கள். பிறகு வேறு ஒழுங்கையால் சுற்றி அதே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தான்.

அதற்குள் சாப்பாடு கொண்டுவந்த சின்யோரா, வீடு வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு கத்திக் குழறி என்னையும் கூப்பிட்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் மேலே நின்று பார்த்தோம். கிழவர் சுவரைத் தடவித் தடவிப் படியேறி வந்தார். மேசையைத் தொட்டார், கதிரையைத் தொட்டார், ஓவென்று அழுதார். நாலு வருசத்துக்குப் பிறகு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

பிறகு திரும்பினார். அருளம்பலம் பையோடு வாசலில் நின்றான். கிழவர் பையை வாங்கினார், சிப்பாய்க்குச் சிப்பாய் கை கொடுத்தார். "யுத்தம் முடிந்துவிட்டது. நீயும் உன் வீட்டுக்குப் போ," என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்று பின்னேரம் அவன் வேலைக்குப் போனபோது கிழவர் அலறி மேசைக்கு அடியில் பூந்தார். திரும்பப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறார். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கு அடுத்த நாளும். மகளின் கையால் சாப்பிடுகிறார், நித்திரை கொள்கிறார், இவனுடைய முகத்தைக் கண்டால் மட்டும் உடுப்போடு மூத்திரம் போகிறது.

சின்யோரா கூடாத மனுசியில்லை. என் முன்னால் அழுதாள். ஆனால் வீட்டுக்குள் வரமுடியாத ஆளை வீட்டில் வேலை செய்கிறான் என்று எழுதிக்கொடுப்பது பொய்யல்லவா, அரசாங்கத்துக்குப் பொய் சொல்லத் தனக்குப் பயம் என்றாள். ஒரு கையெழுத்து என்று கெஞ்சினேன், கத்தினேன். அவள் வைக்கவில்லை. ஒரு மாதம் அவளோடு நான் கதைக்கவில்லை. பிறகு கதைத்தேன். என் அடுப்பும் எரியவேண்டுமே.

"இன்னும் ஆறு நாள்! ஆறு நாள் பொறுக்கேலாதோடா உனக்கு?" என்று அவனைக் கிழித்தேன்.

"அவர் காலைப் பிடிச்சவர் அக்கா. அதுக்குப் பிறகு எனக்கு வாய் வரேல்லை," என்றான்.

பதினாலாம் திகதி என் வீட்டில் இருந்து ஊருக்குப் போன் எடுத்தான். பிரேமினிக்கு நாலரை வயது. பதினாலாம் திகதிக்குப் பிறகு அப்பா வருவார் என்று அதுவரை அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பிள்ளை எப்போது வாறீர்கள் என்று கேட்டது எனக்கும் கேட்டது. அவன் நாளைக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் வேணுகா எனக்கு எடுத்தாள்.

"அக்கா, அவர் இவளுக்கு என்ன சொன்னவர்? விடியவெள்ளன எழும்பிச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு படலையிலை நிக்கிறாள். சாப்பிடவும் மாட்டாளாம். நான் என்னத்தைச் சொல்ல?"

அவன் எனக்கு முன்னால்தான் இருந்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"நாளைக்கு எண்டு சொல்லி உள்ளை கூட்டிக்கொண்டு போ பிள்ளை," என்றேன்.