இடது பக்கம் மலை

சலவை ஆலையில் அவரை அங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளர் முதல் வாசல் காவலர் வரை யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற ஆலை அது. மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்து துணி போகும். அழுக்குத் துணி சிவப்புப் பைகளில் திரும்பி வரும். அந்த வேனை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டியவர் அவர்.

இரண்டாவது ஆஸ்பத்திரியின் பின்வாசல் வேனைவிட ஒரு சாண்தான் அகலம். மற்ற ஓட்டுநர்கள் இறங்கி, எட்டிப் பார்த்து, மறுபடி ஏறி, யாரையாவது கைகாட்டச் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். அவர் ஒரே மூச்சில் பின்னோக்கிக் கொண்டுபோய், சரக்கு இறக்கும் மேடைக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் அங்குலம் விட்டு நிறுத்துவார். நம்பாத ஒருவன் ஒருநாள் அளவுகோல் வைத்துப் பார்த்தான். அன்றிலிருந்து அந்தப் பெயர். இத்தனை வருஷத்தில் வேனில் ஒரு கீறல் கிடையாது. யாரிடம் இதைச் சொன்னாலும் அவருடைய அக்காவுக்குத் தோள் கொஞ்சம் நிமிரும்.

அந்தக் கீறல் ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது.

இரண்டு நாளாகப் பின்மண்டையில் வலி இருந்தது. மூன்றாவது ஆஸ்பத்திரியின் வாசலுக்குள் திருப்பும்போது இடது பக்கத்தில் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தார். வாசல் கல்தூணில் வெள்ளைப் பெயிண்ட் அப்பியிருந்தது. வேனின் முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை கோடு. கணக்குத் தப்பியிருந்தால்கூட அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். அப்படி இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே நிற்கிற தூண் அன்றைக்கு அவருக்கு இல்லவே இல்லை.

"உனக்கே கீறலா அங்குலம்?" என்றார் மேலாளர். "சரி, இனிமே மத்தவங்க சுவத்துல மோதினா நான் திட்ட முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் யாருக்கும் சொல்லாமல் அதே ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டுக் காத்திருந்தார். தலையைப் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுநடுவே வெகுநேரம் எந்தப் புள்ளியும் வரவில்லை. கருவி பழுது போலிருக்கிறது என்றுகூட நினைத்தார்.

மருத்துவர் இளம் பெண். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு வட்டம், அதில் சரிபாதி கறுப்பு.

"மூளைக்குப் பின்பக்கம் சின்னதா ஒரு ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ரெண்டு கண்ணுக்குமே இடது பாதி போயிடுச்சு. கண்ணுல கோளாறு இல்ல, அதனால கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்ல."

"திரும்பி வருமாம்மா?"

"பெருசா எதிர்பார்க்காதீங்க. வண்டி எதாவது ஓட்டுறீங்களா? இன்னையோட நிறுத்திடணும். என்ன வேலை பாக்கறீங்க?"

அவர் உட்கார்ந்திருந்த கட்டிலின் விரிப்பில் ஆலையின் நீல முத்திரை இருந்தது. முந்தின நாள் அவர் கொண்டுவந்து இறக்கியதாகத்தான் இருக்கும்.

"துணி வேலை," என்றார்.

மருத்துவர் சீட்டில் 'வாகனம் ஓட்டக்கூடாது' என்று எழுதி அடியில் கோடு போட்டுக் கொடுத்தார். அதை அவர் நான்காக மடித்து, தன் சொந்தக் காரின் பத்திரங்கள் வைக்கிற உறைக்குள் எல்லாவற்றுக்கும் கீழே செருகினார்.

ஆலையில் இடுப்பு வலி என்று சொல்லி விடுப்புப் போட்டார். வேனை அதற்குப் பிறகு தொடவில்லை. அந்த மட்டில் அவர் நேர்மையாகத்தான் இருந்தார். ஆனால் கார் சாவியையும் மேசையில் வைத்துவிட்டு, இதோடு சரி என்று மனைவியிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அதற்கு முன்னால் ஒரு பாக்கி இருந்தது.

கல்யாணமான புதிதில் மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது. மலைமேல் அடுத்தடுத்து மூன்று தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. அருவி இருக்கிற பூங்கா, தேவதாரு மரப் பூங்கா, ஏரிப் பூங்கா. மூன்றையும் சுற்றி வளைத்து ஒரே சாலை. அவசரமே இல்லாமல் ஒரு வாரம், அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். அவளும் அதே ஆலையில்தான் வேலை. ஈர விரிப்பை இரண்டு முனையிலும் பிடித்துச் சூடான ரோலருக்குள் விடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் இருவருக்கும் சேர்ந்தாற்போல இரண்டு நாள் விடுப்புக்கு மேல் கிடைத்ததில்லை. இப்போது போகாவிட்டால் அவர் ஓட்டிப் போவது என்பது என்றைக்கும் இல்லை. போய்விட்டு வந்து சாவியைக் கொடுத்துவிடுவது. ஏழே நாள்.

அன்றிலிருந்து திட்டம் ஆரம்பமாயிற்று. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். தினமும் சந்தைக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போய், மலைக்குச் சரக்கு ஏற்றுகிற லாரிக்காரர்களைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை கொண்டை ஊசி வளைவு?"

"ஏற பதினெட்டு, இறங்க பதினாலு."

"பள்ளம் எந்தப் பக்கம்?"

"நீங்க எந்தப் பக்கமா போறீங்கங்கறதப் பொறுத்து. என்ன அங்குலம், டூர் போறீங்களா, ரோடு போடப் போறீங்களா?"

ஊர் உலகம் எல்லாம் ஏரிப் பூங்காவில் ஆரம்பித்து அருவியில் முடிக்கும். அவர் தலைகீழாகப் போட்டார். அருவியில் ஆரம்பித்தால் ஏழு நாளும் மலை இடது பக்கம், பள்ளம் வலது பக்கம். தெரியாத பக்கத்தில் சுவர் இருக்கட்டும், தெரிகிற பக்கத்தில் பள்ளம் இருக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டமில்லை. காலை ஒன்பதுக்குக் கிளம்பி, வெயில் சாய்வதற்குள் விடுதி. சந்தை கூடுகிற நாளில் மலை ஊர்களுக்குள் நுழைவதில்லை.

"இது உல்லாசப் பயணமா, ஆஸ்பத்திரி டைம் டேபிளா?" என்றாள் மனைவி.

"இடுப்புக்காகத்தான். மெதுவா போகலாம்."

"மெதுவான்னா இவ்வளவு மெதுவாவா? மானெல்லாம் நம்மள வேடிக்கை பாத்துட்டு வீட்டுக்குப் போயிடும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இரண்டு சால்வையும் ஒரு பிளாஸ்க்கும் வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள். ரோலர் பக்கத்தில் நிற்கிற பெண்களிடம் தேதிகூடச் சொல்லிவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் அவர் நாற்காலியை மாற்றிக்கொண்டதையும் அவள் கவனித்திருந்தாள். முன்பு அவள் அவருக்கு இடப்புறம் உட்காருவாள். இப்போது வலப்புறம் வருகிற மாதிரி அவர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். தட்டில் எப்போதும் ஒரு பாதி மீந்துபோயிற்று.

"பாதி யாருக்கு எடுத்து வெச்சிருக்கீங்க?" என்பாள். அவர் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறந்துவிட்டவர் போல மீதியைச் சாப்பிடுவார்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால், வண்டியைச் சோதித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முதல் நாள் பாதையைத் தனியாக ஓட்டிப் பார்த்தார். பழைய சாலை வழியே மலையடிவாரச் சந்திப்பு வரை போனார். அங்கிருந்து லாரிக்காரர்கள் சொன்ன புறவழிச் சாலை வழியே வீடு திரும்பினார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓரம் கட்டி, கண்டதையெல்லாம் நோட்டில் எழுதினார். போகிற வழியில் ஓர் இடத்தில், ஒன்றுமில்லாத வெளியிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் ஓர் ஆடு முளைத்தது. அதன் பின்னாலேயே ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பிரேக் பிடித்து நின்றபோது அவளுடைய கை காரின் மூக்கின்மேல் இருந்தது.

"கண்ணு எங்கய்யா இருக்கு?"

அவர் அவளும் ஆடும் விலகும் வரை நின்றுவிட்டுப் புறப்பட்டார். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. மலையில் இடது பக்கம் சுவர்தானே, சுவரிலிருந்து ஆடு வராது என்று வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். அவரைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எதையும் கோடு போட்டு, தேதி போட்டு எழுதினால்தான் அவளுக்குத் திருப்தி. தம்பியின் கோழிக் கிறுக்கலைப் பார்த்துவிட்டு, "இத வெச்சு மலை ஏறினா நேரா பக்கத்து நாட்டுக்குத்தான் போய்ச் சேருவ. இங்க குடு, நல்லதா எழுதித் தரேன்," என்று வாங்கிக்கொண்டாள். புது நோட்டில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டாள். நேரம், இடம், இடது பக்கம், வலது பக்கம் என்று நான்கு கட்டங்கள். மனைவி அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, அக்கா எழுதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்பது இருபது, வலது பக்கம் பெட்ரோல் பங்க். ஒன்பது முப்பத்தஞ்சு, வலது பக்கம் பள்ளிக்கூடம். வலது பக்கம் மர அறுவை மில். வலது பக்கம் போலீஸ் சோதனைச் சாவடி." அக்கா பேனாவை நிறுத்தினாள். "டேய், இடது பக்கக் கட்டம் வெறுமையாவே கிடக்குதே. ஒண்ணுமே இல்லையா?"

"பெருசா ஒண்ணுமில்லக்கா."

"சரி, அணைய எங்க எழுதியிருக்க?"

"எந்த அணை?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். மகள் மலைமேல் விடுதியில் தங்கிப் படித்த மூன்று வருஷமும் மாதம் இரண்டு தடவை அந்தச் சாலையில் பஸ்ஸில் போனவள் அவள். சோதனைச் சாவடி தாண்டியதும் இடது பக்கம் நாலு கிலோமீட்டருக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். தூங்குகிறவர்கள்கூட எழுந்து பார்ப்பார்கள். லாரிக்காரர்கள் வளைவைச் சொன்னார்கள், பள்ளத்தைச் சொன்னார்கள். தினம் பார்க்கிற தண்ணீரைப் பற்றிச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை.

"பழைய ரோட்டுலதானே போன?"

"ஆமா."

"பகல்லதானே?"

"ஆமாக்கா."

"கடல் மாதிரி கிடக்குமேடா."

அவர் வாயைத் திறந்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பனிமூட்டம் என்றிருக்கலாம். ஆனால் நாலு கிலோமீட்டர் தண்ணீரை ஒட்டியே ஓட்டிப் போய், அதைப் பார்க்காமல் வந்திருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மனைவி தேநீருடன் வந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. மாறிய நாற்காலி, மீந்த தட்டு, தலைகீழான பாதை எல்லாம் அவளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தட்டை மேசையில் வைத்துவிட்டு ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். சத்தமில்லாமல் அவருக்கு இடப்புறம் வந்து, ஒரு முழம் தள்ளிச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலைய திருப்பாம சொல்லுங்க," என்றாள். "என் கையில என்ன இருக்கு?"

அவர் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா."

"நான் தெரியறனா?"

"இல்ல."

சாவி மேசைமேல் விழுந்தது. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"கார்ல நான் எந்தப் பக்கம் உட்காருவேன்?"

அவர் தலை கவிழ்ந்தது.

"ஏழு நாளும் நான் இந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருப்பேன்."

"ஏழே நாள்தான் நெனச்சேன். வந்ததும் சொல்லிடலாம்னு. உனக்குக் குடுத்த வாக்கு."

"நான் இருக்கறதே தெரியாம, என்னைக் கூட்டிட்டுப் போகவா?"

அவர் எழுந்து காருக்குப் போனார். உறையின் அடியிலிருந்து சீட்டை எடுத்து வந்து அக்காவின் முன்னால் வைத்தார். அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது மருத்துவர் போட்டிருந்த கோட்டின்மேல் விரலை வைத்தாள். ஆட்டுக்காரப் பெண்ணைப் பற்றியும் அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதைக் கேட்டபிறகு மனைவி இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

மறுநாளே அவர் உரிமத்தை ஒப்படைத்தார். விடுதிகளுக்கு அக்கா கடிதம் எழுதி ரத்து செய்தாள். பஸ்ஸில் போய் வரலாமே என்று அவள் கேட்டபோது, தம்பி மனைவி இரண்டு சால்வையையும் மடித்து அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றினாள்.

ஆலை அவரைக் கைவிடவில்லை. ஆனால் வேனை ஓட்டியவருக்கு வேறென்ன வேலை தருவது? ரோலரின் மறுமுனையில், காய்ந்து வெளியே வருகிற விரிப்பைப் பிடித்து மடிக்க வைத்தார்கள். மனைவி இந்த முனையில் ஈரத் துணியை உள்ளே விடுவாள், அவர் அந்த முனையில் வாங்குவார். வலது மூலை கையில் சிக்கும். இடது மூலை நழுவித் தரையில் விழும். விழுந்தால் மறுபடி துவைக்க வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்கு இருபது, முப்பது விழுந்தன. இப்போதெல்லாம் யாரும் அங்குலம் என்று கூப்பிடுவதில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அந்தப் பெயர் வாயில் வர அவர்களுக்கே கூசியது.

பயணம் போயிருக்க வேண்டிய ஏழு நாளும் அப்படித்தான் கழிந்தது. முதல் நாள் தேநீர் இடைவேளையில் அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இந்நேரம் அருவிக்குக் கீழ இருப்போம்," என்றார். இரண்டாம் நாள், "பதினோராவது வளைவு." மூன்றாம் நாள், "தேவதாரு மரங்க ஆரம்பிச்சிருக்கும்." அவள் ம் கொட்டுவாள். நான்காம் நாளிலிருந்து அவர் சொல்வதை விட்டுவிட்டார்.

ஏழாம் நாள் மாலை அவளே கேட்டாள்.

"இன்னிக்கு எங்க இருக்கோம்?"

அவர் ஒரு விரிப்பைப் பிடித்து, தலையை முழுக்கத் திருப்பி இடது மூலையைத் தேடிப் பிடித்து, இரண்டையும் சேர்த்தார்.

"அடிவாரத்துல. வீட்டுக்குத் திரும்பப் புறவழிச் சாலைன்னு எழுதியிருந்தேன். அது தப்பு," என்றார். "திரும்பும்போது பழைய ரோட்டுல வந்திருக்கணும். அணை வலது பக்கம் வந்திருக்கும். பாத்திருப்பேன்."

அவள் அடுத்த ஈர விரிப்பை உதறி, இரண்டு முனையையும் நேராக்கி உள்ளே விட்டாள். அது அந்தப் பக்கம் வந்துசேரும் வரை அவருடைய கைகள் காத்திருந்தன.