பச்சை டப்பா

கதைக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது என்று மாட்டுங்காவில் ஒரு வாசகர் கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். சிலருக்குப் பாட்டுக் கேட்டால் வரும், சிலருக்குப் புத்தகம் படித்தால் வரும். எனக்குக் கச்சேரியில் தூக்கம்தான் வரும். "லேடீஸ் கம்பார்ட்மென்ட்" என்றேன். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

காலை லோக்கல் ரயிலில் எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்தவள் பாதி வழியில் எழுந்து, நிற்பவளுக்கு இடம் தரவேண்டும். நான் செம்பூரில் ஏறுவேன். தினமும் பார்த்துப் பழகிய ஒருத்தி வடாலாவில் ஏறுவாள். எனக்கு இடம் கிடைத்த நாட்களில் எழுந்து அவளுக்குக் கொடுப்பேன். அவள் பிறந்து வளர்ந்தது தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், படித்தது ஹிந்தி மீடியம். பேச்சில் ஊர் அப்படியே இருந்தது, ஆனால் தமிழில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

அவளுடைய மூத்த பெண் பத்தாவது படிக்கும்போது தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்களுக்கு டெங்கு என்று சொல்லியிருந்தார்கள். இளையவளுக்கு நாளைக்கு வரன் வரவேண்டுமே. எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னாள், மராட்டிக்காரிகளுக்கு நடுவில், குரலைக்கூடத் தாழ்த்தாமல்.

"தமிழ்ல சொன்னா இங்க யாருக்குக்கா வெளங்கப் போவுது? உங்ககிட்ட சொன்னாத்தான் மனசு ஆறுது."

அவள் மடியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. மூடியில் காம்பஸ் முனையால் தன் ரோல் நம்பரைக் கீறியிருந்தாள். அம்மா அதில்தான் தினமும் ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்வானேன், அழுகையோடு கதையும் வந்தது.

எழுதினேன். பெயரை மாற்றினேன், வடாலாவை முலுண்ட் ஆக்கினேன். டப்பாவை எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன்; கதை செத்துக் கிடந்தது. திரும்ப வைத்தேன், ரோல் நம்பர் கீறலோடு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரியும். எப்படியும் படிக்கப் போகிறாளா என்ன என்று ஒரு தைரியம் வேறு. கதை ஒரு இணைய இதழில் என் பெயரோடு வந்தது.

அப்போது இளையவளுக்குத் திருநெல்வேலியில் ஒரு இடம் கூடி வந்திருந்தது. பூ வைக்க நாள்கூடப் பார்த்துவிட்டார்கள். அதைச் சொன்ன அன்று அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வடாலாவில் வழக்கம்போல் எழுந்தேன். அவள் உட்காரவில்லை. இன்னொருத்தி உட்கார்ந்துகொண்டாள்.

"வேண்டாம்னுட்டாவக்கா" என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட அக்கா இந்த டப்பாவ அடுக்களையில எடுத்துப் பாத்தா. இப்ப அவ உங்க கதையப் படிச்சிருக்கா. நம்பர் கீறுனத வச்சே கண்டுபிடிச்சிட்டா. செத்தது காய்ச்சல்ல இல்லையாமேன்னு போன் போட்டுக் கேக்கா."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"கதைய அனுப்பியும் வச்சா. போன்லயே வாசிக்கப் போட்டு முழுசும் கேட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்கிய."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தப்புப் பண்ணிட்டேன், என்னை மன்னிச்சுடு. இனிமே இதைப் பத்தி ஒரு வரி எழுதமாட்டேன், சத்தியம்" என்றேன். ரயில் இரைச்சலில் பாதிதான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இது இனிமே வீட்டுல இருக்கக்கூடாதுன்னு சின்னவ சொல்லிட்டா. தூரப் போட எனக்குக் கை வரல. நீங்க வச்சுக்கிடுங்க. அவளப் பத்தித் தெரிஞ்ச வேற ஆளு யாரு இருக்கா?"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கக் கதவுக்குப் போய்விட்டாள். மறுநாள் முதல் அவள் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தாராவிப் பக்கமிருந்து வரும் ஒருத்தி சொன்னாள்.

டப்பாவைத் துலக்கித்தான் கொடுத்திருந்தாள். திறந்தால் இன்னும் லேசாக எலுமிச்சை ஊறுகாய் வாசனை வருகிறது. அதை எதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதியிருக்கிறேன்.