பால்குடமும் கறுப்புக் கண்ணாடியும்

என் வாய் சும்மா இருக்காது. அதனால் வந்த வினைதான் இது.

என் அண்ணி உமாமகேஸ்வரி பஸ் ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாகச் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம்தான். என் அண்ணன் சேதுபதிக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. அண்ணி மாடி பஸ்ஸை வளைவில் திருப்பும்போது நின்றுகொண்டிருப்பவர் கையிலுள்ள கோப்பி சிந்தாது. ஆனால் காலை ஓட்டத்தில் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். "கூலிங் கிளாஸ் போட்டா, ஏறுறவங்க திமிர் புடிச்சவள்னு நினைப்பாங்க வர்ணம்" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஓட்டிவிட்டார். வர்ணம் நான்தான், பஞ்சவர்ணம். நானும் அதைக் கேட்டு ஆமாம் போட்டவள்.

போன வருடம் வலது கண்ணில், மூக்குப் பக்க ஓரத்திலிருந்து மெல்லிய சதை ஒன்று கருவிழி மேல் ஏறிவிட்டது. வெயிலும் தூசியும் பல வருடமாகச் செய்த வேலை என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். "திரும்ப வளர்ந்தா எடுக்கிறது கஷ்டம். வெயில்ல கண்ணாடி இல்லாம வெளிய வராதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். பார்வை மங்கினால் லைசென்ஸ் போகும். "பஸ்ஸை விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்று அண்ணி அன்றைக்கு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அறுவை சிகிச்சை நடந்தபோது வெளியே உட்கார்ந்திருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? "முருகா, அண்ணி கண்ணு நல்லாயிட்டா தைப்பூசத்துக்கு அண்ணி பால்குடம் எடுப்பாங்க" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுவது நான், சுமப்பது அவர்! பால்குடத்துக்கு நேரம் பதிவு செய்வதையும் நானே இழுத்தடித்தேன். விடியற்காலை நேரமெல்லாம் போய், கிடைத்தது காலை பதினொரு மணி. கண்ணுக்காக வேண்டிக்கொண்டு, அந்தக் கண்ணையே உச்சி வெயிலில் நிறுத்த ஏற்பாடு செய்த புத்திசாலி நான்.

அண்ணி திட்டவில்லை. "வேண்டுனது வேண்டியாச்சு, எடுக்கிறேன். ஆனா கண்ணாடி போட்டுத்தான் எடுப்பேன்" என்றார்.

"சாமி முன்னாடியா? நல்லா இருக்குமா அண்ணி?"

"நல்லா இருக்கணும்னுதானே வேண்டுன?"

நான் ஒரு கடையில் பார்த்துக் கறுகறுவென்று ஒரு கண்ணாடி வாங்கிவந்தேன். அண்ணி அதைக் கண்ணாடிக் கடையில் கொடுத்து இயந்திரத்தில் சோதிக்கச் சொன்னார். புற ஊதாக் கதிரை அது தடுக்கவே இல்லை. கறுப்பு மட்டும் இருந்தால் கண் பாப்பா விரிந்து இன்னும் அதிகமாக உள்ளே வாங்கும் என்று கடைக்காரர் விளக்கினார். என் கண்ணாடி குப்பைக்குப் போனது. பக்கவாட்டிலும் மூடுகிற ஒன்றை அண்ணி தேர்ந்தெடுத்தார்.

தைப்பூசத்தன்று ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பினோம். மஞ்சள் சேலை, தலையில் பால்குடம், முகத்தில் கறுப்புக் கண்ணாடி. ஐயோ, எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் குடம் இருப்பதால் தொப்பி போட முடியாது, கூட்டத்தில் குடை விரிக்கவும் இடமில்லை. அண்ணி நிமிர்ந்து நடந்தார்.

பாதி வழியில் வியர்வையில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியது. அண்ணியின் இரண்டு கையும் குடத்தில்.

"வர்ணம், மேல தள்ளு."

அந்த நேரம் பார்த்து எங்கள் தூரத்து உறவு பூவம்மா அத்தை பக்கத்தில் வந்துவிட்டார். "என்னடி இது, சினிமா ஷூட்டிங்கா? கழட்டு அதை. சாமி குத்தம் ஆயிடும்!"

என் விரல் கண்ணாடிக் காம்பில் இருந்தது. கழற்றிவிடலாம் என்றுதான் தோன்றியது, பொய் சொல்வானேன். "அண்ணி, கோயில் வரைக்கும் மட்டும் கழட்டிடலாமே?" என்று கெஞ்சினேன்.

"கழட்டுன, இங்கயே நின்னுடுவேன்" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. கண்ணாடிக்கு மேலே அந்த வலது கண் தெரிந்தது. வெயிலில் கூசி, தண்ணீர் கட்டியிருந்தது.

கண்ணாடியை மேலே தள்ளினேன். "அத்தை, இவங்களுக்குக் கண்ணு போச்சுன்னா நீங்களா வந்து பஸ் ஓட்டுவீங்க? நடங்க லா!" என்றேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டார். டேங்க் ரோடு முருகன் கோயில் வரை என் ஒரு கை அந்தக் கண்ணாடியிலேயே இருந்தது. தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

கோயிலுக்குள் நிழலில் நுழைந்ததும் அண்ணியே சொன்னார்: "இப்பக் கழட்டு." கழற்றினேன். பால் அபிஷேகத்தை இமைக்காமல் பார்த்தார்.

அடுத்த வாரம் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். சதை வளரவில்லை, பார்வையும் தெளிவு, பஸ் ஓட்டத் தடையில்லை என்றார். வெளியே வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். "முருகன் காப்பாத்திட்டான் அண்ணி!"

அண்ணி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஆமா, அவன்தான் காப்பாத்துனான். நீ கழட்டச் சொன்னப்ப, கழட்டாதேன்னு சொன்னது யாருன்னு நினைச்ச?"